ஏழாம் நம்பர் படகின் பழுது

அன்பான வாயாடிக்கு,

அத்தைக்கும் மாமாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். நீயும் உள்ளே உதைப்பவரும் சௌக்கியம்தானே? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

எங்கள் ஆலையின் நீர்த்தேக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஊர் ஜனம் படகு விட வரும் என்று சொன்னேனே. ஆலை விடும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் நீர்ப்பறவைகளுக்கும் பஞ்சமில்லை. போன வாரம் ஏழாம் நம்பர் படகுக்குள் ஒரு நாமக்கோழி முட்டையிட்டுவிட்டது. யாரும் அந்தப் படகை எடுத்துவிடக் கூடாதென்று பதிவேட்டில் ‘பழுது’ என்று எழுதிவைத்தேன். மறுநாளே மெக்கானிக் பெட்டியோடு வந்து நின்றார்.

“என்னய்யா கோளாறு?”

“நீங்களே பாருங்கண்ணே.”

எட்டிப் பார்த்தார். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு அந்தக் கறுப்புக் கோழி அவரை முறைத்தது. சத்தம் போடாமல் திரும்பி வந்து பதிவேட்டில் எழுதினார்: ‘பழுது நீங்க மூன்று வாரம் ஆகும்.’

டாக்டர் உனக்கும் மூன்று வாரம்தானே சொல்லியிருக்கிறார்?

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. ஆண் ஒரு ஷிப்டுகூடத் தவறவில்லை. அதன் முகத்தில் விழிக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, ஜன்னலுக்குத் திரை வேண்டும். துவைக்காததாகவே இருக்கட்டும்.

நேரமாகிவிட்டது, பம்பு போட வேண்டும். வலி கண்டதும் மாமாவை போன் அடிக்கச் சொல். பம்புச் சத்தத்தில் எனக்குக் கேட்காமல் போகலாம். எடுக்கவில்லையென்று வைத்துவிடாமல் அடித்துக்கொண்டே இருக்கச் சொல்.

ஷிப்ட் தவறிய
உன்னவன்