சூட்டியின் சூக்கதிரை

தங்கச்சி,

இன்று காலையில் படகு செய்கிற கொட்டில் முகட்டில் கட்டியிருந்த அந்த அச்சை இறக்கினேன். முன்பள்ளி டீச்சர் ஒருவர் வந்து, உன் சூட்டிக்குச் செய்தது போலத் தங்கள் பிள்ளைகளுக்கும் செய்து தர முடியுமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அச்சுக்குள் ஒரே சிலந்திவலை. துடைத்து, மெழுகு தேய்த்து, ரெசினைக் கலக்கி முதல் பூச்சைப் பூசினேன். படகுக்குப் பூசுகிற அதே ரெசின்தான், தினமும் மூக்கில் ஏறுகிற அதே வாடைதான். ஆனால் இந்த அச்சிலிருந்து அது கிளம்பியதும், நீ கொட்டில் வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, துவாயால் மூக்கைப் பொத்தியபடி, "அண்ணா, இதை மணந்து மணந்து எப்பிடித்தான் சோறு தின்னுறியளோ" என்று கேட்பது போல இருந்தது. பிறகு மத்தியானம் வரைக்கும் எனக்கு வேலை ஓடவில்லை.

"இது ஆற்ற யோசனை?" என்று டீச்சர் கேட்டார். "என்ர தங்கச்சியின்ர" என்றேன். உன்னோடும் ஒருக்கால் கதைத்துப் பார்க்கலாமா என்றார். நான் தூரிகையைக் கழுவப் போய்விட்டேன். டீச்சர் விளங்கிக்கொண்டிருப்பார்.

நீ கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கிய அன்று வீட்டுக்குள் போகவில்லை. நேரே கொட்டிலுக்குத்தான் வந்தாய். நான் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்து வெடிப்பை ஒட்டிக்கொண்டிருந்தேன். வயிற்றுக்குள் இருக்கிற கட்டியைப் பற்றி டாக்குத்தர் சொன்னதை, சந்தையில் மீன் விலை சொல்வது போலச் சொல்லி முடித்தாய். என்ன கேட்கப் போகிறாய் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வாய், உன் புருஷனிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும் என்பாய் என்றெல்லாம் நினைத்தேன். நீயோ, "அண்ணா, சூட்டி கக்கூசுக்குத் தனியப் போய் வாறதுக்கு ஏதாவது செய்து தாங்கோ" என்றாய்.

உனக்கு மூளை கலங்கிவிட்டதென்றுதான் நினைத்தேன். நம் வளவின் மூலையில், மீள்குடியேறின காலத்தில் கட்டிய கக்கூசு. குந்தி இருக்கிற பீங்கான். பெரியவர்களின் காலுக்கென்று வைத்த அகலம், நடுவில் இருட்டுக் குழி. அதைக் கண்டாலே உன் மகள் கதறுவாள். மூன்று வயதை எட்டப் போகிற பிள்ளை முருங்கைக்குக் கீழே குந்திவிட்டு எழும்பி "அம்மா" என்று கூப்பிடுவாள். நீ வாளியோடு ஓடுவாய். நம் அரிப்பு ஊரில் எந்தப் பிள்ளைதான் அப்படி வளரவில்லை? "வளர்ந்தால் தானாப் போவாள். அதுக்கேன் இப்ப அவதிப்படுறாய்?" என்று கேட்டேன்.

"நான் இருக்கிறதெண்டா ஆறுதலாப் பழகட்டும். நான் இருக்க மாட்டன்தானே" என்றாய். "அவர் கடலுக்குப் போயிடுவார். பொம்பிளைப் பிள்ளை. இண்டைக்கு ஒரு மாமி, நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பெட்டை எண்டு, கண்ட கண்ட ஆக்களுக்கு முன்னால என்ர பிள்ளை சட்டையைத் தூக்கிக்கொண்டு நிக்கக் கூடாது அண்ணா. கழுவி விடுங்கோ எண்டு ஒருத்தரிட்டயும் கெஞ்சக் கூடாது."

தகரத்தில் கலக்கி வைத்திருந்த ரெசின், நீ பேசி முடிப்பதற்குள் இறுகிப்போனது. அதைச் சுரண்டி எடுக்கிற சாட்டில் நான் குனிந்துகொண்டேன்.

படகு செய்கிறவனிடம் எதைக் கேட்டாலும் படகுதானே வரும். நான் செய்தது ஒரு சின்னப் படகு. நீலப் பூச்சு, வெள்ளைக் கோடு, தூக்கிய முன்பக்கம், நடுவில் இருக்க ஒரு துவாரம், பக்கத்தில் 'சூட்டி' என்று எழுத்து. பிள்ளை துள்ளிக் குதித்தாள். முற்றத்தில் அதற்குள் ஏறி இருந்து வாயால் எஞ்சின் ஓட்டினாள். கக்கூசுக்குள் கொண்டுபோய் வைத்ததும் கூடவே ஓடிவந்து ஏறினாள். நீ சட்டையை உயர்த்தினாய். அவ்வளவுதான், ஒரே பாய்ச்சலில் வெளியே வந்து நின்றாள்.

"போட்டுக்குள்ள சூ போகக் கூடாது. அப்பா ஏசுவார்."

உன் புருஷன் செருப்போடு யாரையும் படகில் ஏற விடாதவன். சிலுவை போட்டுக்கொண்டு கால் வைக்கிறவன். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, படகுக்குள் மூத்திரம் பெய்யப் பழக்கப் போயிருக்கிறேன் நான். நீ கக்கூசுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிப்பு எது, வலி எது என்று தெரியாமல் நானும் என் மனைவி, உன் மச்சாளும் உன்னைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நீ போன பிறகு உன்னை நினைக்கும்போதெல்லாம் முதலில் வருவது அந்தச் சிரிப்புத்தான். பிறகு அந்தப் படகுக்குள் உன் கோழி அடைகாத்தது.

அதற்குப் பிறகு வேலையை நீயே கையில் எடுத்துக்கொண்டாய். நூலொன்றைக் கொண்டுவந்து சூட்டியின் முழங்காலிலிருந்து உள்ளங்கால் வரை பிடித்து முடிச்சுப் போட்டு என்னிடம் தந்தாய். "இவ்வளவு உயரம்தான் வேணும். கால் நிலத்தில முட்டாட்டி அவள் பயத்தில வயித்தை இறுக்கிப் பிடிச்சிடுவாள்." உன் சொற்படி, அடியில்லாத ஒரு பெட்டி போல அது உருவானது. பீங்கானுக்கு மேலே வைத்தால் இருக்கை. மேலே உள்ள துவாரத்துக்கு ஒரு மூடி. மூடியைப் போட்டு உள்ளே இருக்கிற குழாயடிக்கு இழுத்தால், ஏறி நின்று கை கழுவுகிற படி. ஒரு பக்கத்தில் தண்ணி அள்ளுகிற பேணிக்கும் சவுக்காரத்துக்கும் மாடம். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள விளிம்பு.

முதன்முதல் ஏறி நின்றபோது ஈரக்காலோடு வழுக்கினாள். படகுத் தளத்தில் செய்வது போல, கடற்கரை மண்ணை அரித்தெடுத்துக் கடைசிப் பூச்சில் தூவினேன். நீ உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இதில இருந்தாப் பிள்ளைக்குத் தோல் உரிஞ்சிடும். மூடியில மட்டும் போடுங்கோ" என்றாய். இருக்கையை மறுபடி தேய்த்து மினுக்கினேன். பிறகு அது பாரம் என்றாய். பைபர் மெல்லிசானால் கன நாள் நிற்காது என்று நான் மல்லுக்கு நின்றேன். "அவள் தானே இழுத்துக்கொண்டு போக வேணும். தூக்கிக் குடுக்க ஆளிருந்தா இதெல்லாம் ஏன் அண்ணா?" என்றாய். நான் மெல்லிசாக்கினேன்.

அதோடு நீ விடவில்லை. மூடி இன்னும் பலமாக இருக்க வேண்டும், பெரிய பிள்ளையானாலும் தாங்க வேண்டும் என்றாய். "பள்ளிக்கூடம் போகேக்க இதில இருந்து சப்பாத்துப் போடட்டும். பிறகு படிக்கேக்க கால் வைக்கட்டும்." நீ காணப் போகாத வருஷங்களையெல்லாம் அந்தச் சின்னச் சாமானுக்குள் திணித்துக்கொண்டிருந்தாய். எனக்கு அது விளங்கியது. விளங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சூட்டிதான் அதற்குச் சூக்கதிரை என்று பேர் வைத்தாள். இப்போது ஊரே அப்படித்தான் சொல்கிறது; டீச்சரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கேட்டார்.

உன்னால் குனிய முடியாமல் போயிருந்தது. கக்கூசுக் கதவுக்கு வெளியே கதிரையில் இருந்துகொண்டு வாயாலேயே பழக்கினாய். "மூடியைக் கழட்டு. ஆறுதலா இரு. அவசரமில்லை. முடிஞ்சா இடக்கையால, அம்மா சொன்ன மாதிரி." கொட்டிலில் வேலை செய்துகொண்டிருக்கும் என் காதில் அது விழுந்துகொண்டே இருக்கும். சில நாள் பிள்ளை எல்லாவற்றையும் சட்டையோடு செய்துவிட்டு வந்து நிற்பாள். நீ ஒரு நாளும் ஏசவில்லை. கிழமைக்குக் கிழமை உன் குரல்தான் மெலிந்துகொண்டு போனது.

கடைசியில் ஒரு நாள், நீ வாய் திறக்காமலே, அவள் தானாகப் போய், தானாகக் கழுவி, மூடியைப் போட்டு இழுத்துக் கை கழுவிவிட்டு வெளியே வந்தாள். நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். நீ பிள்ளையை அணைத்துக் கொஞ்சிவிட்டு, அவள் விளையாட ஓடியதும், "எனக்கு இனி வேலையில்லை அண்ணா" என்றாய்.

"விசர்க் கதை கதையாதை" என்றேன். அதற்கு ஒரு அண்ணனால் வேறு என்னத்தைச் சொல்ல முடியும்?

மழை தொடங்குவதற்கு முன்னமே போய்விட்டாய். அடக்கத்தன்று வளவு நிறையச் சனம். சூட்டி கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டு ஒரு மனிசி, "வா பிள்ளை, நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று கையைப் பிடித்தார். அவள் கையை இழுத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய்க் கதவைச் சாத்தினாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். எனக்கு அந்த நேரத்திலும் பெருமையாக இருந்தது. பெட்டிக்குள் கிடந்த உன்னிடம் போய், கண்டியா என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆனால் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை கழிந்த பிறகு எல்லாம் குழம்பத் தொடங்கியது. சூட்டி உள்ளே போனால் வரவே மாட்டாள். உன் மச்சாள் போய்த் தட்டினால் சத்தமிருக்காது. பிறகு போவதையே விட்டுவிட்டாள். சட்டையெல்லாம் ஈரம், பாயெல்லாம் ஈரம். பயந்துவிட்டாள், பாதரிடம் கொண்டுபோய்ச் செபம் சொல்லுவியுங்கோ என்றார்கள். உன் புருஷன் ஈரப் பாயைத் தூக்கி வெயிலில் போட்டுவிட்டு வலையோடு போய் இருப்பான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒட்டு வேலைதானே. சூக்கதிரையில் எங்கோ வெடிப்பிருக்கிறது, அது பிள்ளையைக் கிழிக்கிறது என்று நினைத்தேன். தேய்த்தேன். இன்னொரு பூச்சுப் போட்டேன். விளிம்பை வளைத்தேன். எதுவும் பலிக்கவில்லை.

ஒரு மத்தியானம் உன் மச்சாள் கெஞ்சிக் கூத்தாடி அவளை உள்ளே அனுப்பினாள். கன நேரமாகியும் வரவில்லை. நான் கதவடியில் குந்தினேன்.

"சூட்டி, முடிஞ்சுதா?"

"ஓம்."

"கை கழுவிட்டியா?"

"ஓம்."

"பிறகேன் உள்ளுக்க இருக்கிறாய்?"

உள்ளே மூடி அசைகிற சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா வரேல்லை" என்றாள்.

"நீ தானே எல்லாம் செய்வாய். அம்மா ஏன்?"

"கை மணந்து பாக்க."

கதவைத் தள்ளினேன். மூடியைப் போட்டு அதன் மேல் இருந்துகொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டி வைத்திருந்தாள். கழுவின தண்ணி கையில் எப்போதோ காய்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் நீ அந்தக் கைகளை எடுத்து மணந்து பார்த்து, "சவுக்காரம் மணக்குது, போ" என்று சொல்வாயாம். அதன் பிறகுதானாம் முடிகிறது. அவளை அணைத்துக்கொண்டு நீ செய்ததை நான் கொஞ்சுவதென்றே நினைத்திருந்தேன். நீயும் என்னிடம் சொல்லவில்லை. ஒருவேளை, அதையும் அவளுக்குப் பழக்கியிருக்கிறாய் என்று உனக்கே தெரியாமலிருந்திருக்கலாம். ஒருவரும் தேவைப்படாதபடி உயரம் பார்த்து, பாரம் பார்த்து, வழுக்கல் பார்த்து எல்லாம் செய்தோம், தங்கச்சி. கடைசிப் படியில் நீ நின்றிருக்கிறாய்.

நான் குனிந்து அந்தக் கைகளை மணந்தேன். என்னுடையது ரெசினைத் தவிர வேறு வாடை தெரியாத மூக்கு. ஒன்றும் மணக்கவில்லை. "சவுக்காரம் மணக்குது, போ" என்றேன். அவள் இறங்கி ஓடினாள். நான் அந்த மூடியின் மேல் இருந்து, சத்தம் வெளியே போகாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்றிலிருந்து அது என் வேலையானது. படகுக்குக் கீழே படுத்திருந்தாலும் தேடிவந்து கையை நீட்டுவாள். படகு ஒட்டக் கொண்டுவந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் ஆளுக்கொரு தரம் குனிந்து மணந்துவிட்டு, "நல்லா மணக்குது" என்று சான்று சொன்னார்கள். பாய் காயத் தொடங்கியது. உன் புருஷன் ஒரு நாள் நல்ல விளைமீன் ஒன்றைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

இப்போது சூட்டி பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டு. நீ சொன்னபடியே மூடியின் மேல் இருந்துதான் சப்பாத்துப் போடுகிறாள்.

சென்ற கிழமை ஒரு காலையில் கக்கூசுக் கதவு திறந்த சத்தம் கேட்டது. நான் தூரிகையை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குனிந்து நின்றேன். அவள் வெள்ளைச் சட்டையில் ஈரக்கையைத் துடைத்தபடி என்னைக் கடந்துபோனாள். சப்பாத்தைப் போட்டாள். பையைத் தூக்கினாள். வாசல் படலையடியில் திரும்பிப் பார்த்து, "மாமா, ஏன் அப்பிடி நிக்கிறியள்? இடுப்புப் பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை. நீ போயிட்டு வா" என்றேன்.

நீ கேட்டது நடந்துவிட்டது, தங்கச்சி. அவளுக்கு இனி ஒருவரும் வேண்டாம். நான்தான், அந்தக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால், கையில் உள்ளதை வைத்துவிட்டு இன்னமும் எழும்புகிறேன்.