நான் எழுந்து வெளியே போன கூட்டம்

திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. ஊராட்சி அலுவலகத்தில், என் தலைவர் அறையில் ஃபேன் ஓடவில்லை. செய்ய வேண்டியவை: தெருவிளக்கு மூன்று. தண்ணீர்த் தொட்டி கழுவுதல். வியாழக்கிழமை கிராமசபை, எல்லாத் தெருவுக்கும் சொல்ல வேண்டும். இலுப்பூர் தாலுகா அலுவலகம் போய் வாரியின் வரைபட நகல்.

நகல் கிடைத்தது. சந்தேகப்பட்டதுதான். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாரி வரைபடத்தில் நேராக ஓடுகிறது. தரையில், அண்ணனின் தைலமரத் தோப்புக்குள் நுழைந்து காணாமல் போகிறது. மனிதர் வாரியைத் தூர்த்து அதன் மேலேயே நட்டிருக்கிறார். போன மழைக்கு ஊரெல்லாம் சேறு, கண்மாயில் மட்டும் முழங்கால் தண்ணீர் இல்லை. காரணம் என் கூடப் பிறந்தவர்.

டீக்கடையில் காதில் விழுந்தது: "லண்டன் பேங்க்ல கோடியில பொரண்ட அம்மா, இங்கிட்டு வந்து தெருவெளக்கு மாட்டிக்கிட்டுத் திரியுது." இருபத்திரண்டு வருடம், சிங்கப்பூர், லண்டன். யாருக்குக் கடன் தரலாம், தரக்கூடாது என்று சொல்லும் வேலை. கோடியில் புரண்டது வங்கி, நானில்லை. சிரித்துவிட்டு இன்னொரு டீ.

செவ்வாய்

அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. மதினி வைத்த கருவாட்டுக் குழம்பு, பிரமாதம். கூட்டத்தில் கேட்பதற்கு முன் நேரில் சொல்வதுதான் முறை என்று வாரி விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் கை காயக் காயப் பேசினார்.

"ஒன்ன எலெக்ஷன்ல நிக்க வச்சது நான். வீடு வீடா ஓட்டுக் கேட்டது நான். மொத வெட்டு என் மரத்துலயா?"

"நம்ம மரத்துல விழுந்தாத்தாண்ணே அடுத்தவன் மரத்துல கை வைக்க முடியும்."

மதினி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வியாழன்

கிராமசபை. நல்ல கூட்டம். குடிதண்ணீர், நூறு நாள் வேலை, பிறகு வாரி.

வங்கியில் ஒரு விதி உண்டு. உறவினர் விஷயம் வந்தால் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். நாம் இல்லாமல் மற்றவர்கள் முடிவெடுப்பார்கள். ஒருமுறைகூட மீறியதில்லை. இன்றும் அப்படியே. "இது என் அண்ணன் சம்பந்தப்பட்டது" என்றேன், எழுந்து வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். மனதுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

துணைத் தலைவர் செல்வராசு என் நாற்காலியில். ஐந்தே நிமிடம். "வாரியில் ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை" என்று தீர்மானம். செல்வராசு அண்ணனின் கூட்டாளி என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஊர் எதிர்த்துப் பேசும் என்று நம்பினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முதலில் வெளியே வந்தது சின்னப்பொண்ணு. கண்மாயின் கடைமடையில் முக்கால் ஏக்கர் வைத்திருப்பவள். நேரே என்னிடம்.

"நீங்க எந்திரிச்சுப் போனா என்ன அர்த்தம்? அண்ணனுக்குத் தங்கச்சி விட்டுக் குடுத்துருச்சுன்னுதான? நீங்களே நிக்கலேன்னா நாங்க யாரப் பாத்துக் கையத் தூக்குறது? நாளைக்கு அவுக தோப்பு ஓரமாத்தான நாங்க மாடு ஓட்டணும்?"

லண்டனில் அது நேர்மை. இங்கே அது கைகழுவுவது. படித்த முட்டாள். அழுகை வரவில்லை. கோபம், முழுக்க என் மேலேயே.

சனி

வெக்கை. முட்டிவலி. சிறப்புக் கிராமசபை கூட்ட ஏற்பாடு.

ஊராட்சிச் செயலர் மல்லிகா தயங்கினாள். "மேடம், போட்ட தீர்மானத்தையே மறுபடியுமா?"

"கூடாதுன்னு சட்டம் எங்கயாச்சும் சொன்னா காட்டுங்க மல்லிகா."

தேடினாள். இல்லை.

செல்வராசு போனில்: "குடும்பச் சண்டைய ஊருக்குள்ள இழுக்காதீங்க." ஊர்த் தண்ணீரைக் குடும்பத்துக்குள் இழுத்தது யாராம்?

லண்டனிலிருந்து பழைய மேலதிகாரி மெயில். திரும்பி வர விருப்பமா என்று. அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதில்: இல்லை.

புதன்

காற்று. புழுதி. கூட்டம் போன தடவையை விட இரண்டு மடங்கு. பாதிப் பேர் வேடிக்கை பார்க்க. பார்க்கட்டும்.

முதலில் சொன்னேன்: "அன்னைக்கு எந்திரிச்சுப் போனது என் தப்பு. தோப்பு எங்க அண்ணனோடது. எல்லாருக்கும் தெரியும். இன்னைக்கு உக்காந்துதான் பேசப்போறேன்." வரைபடத்தை விரித்துக் காட்டினேன். வாரியை அளந்து, உள்ளே இருக்கும் மரங்களை எடுக்கச் சொல்லும் தீர்மானத்தை வாசித்தேன்.

அண்ணன் எழுந்தார்.

"ஆத்தா செத்தப்ப நீ எங்க இருந்தே? ஒருநாள் பூரா ஒனக்காகப் போட்டு வச்சிருந்தேனே, வந்தியா? லண்டன்ல மீட்டிங்கு. இப்ப ஊருக்கு நாயம் பேச வந்துட்டா."

உண்மை. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.

"வரலண்ணே. அது தப்புத்தான், சாகுற வரைக்கும் தப்புத்தான். அதுக்கு ஊர்க் கண்மாய் ஏன் காயணும்? உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றேன். சின்னப்பொண்ணு. அவளுக்குப் பின்னால் நான்கைந்து பேர். கீழத்தெரு முழுக்க. பெண்கள் பக்கம், கடைசி வரிசையில், மதினி.

"கைய எறக்குடி" என்றார் அண்ணன்.

"எங்கப்பா எனக்குக் குடுத்த வயலும் அந்தக் கண்மாய்ப் பாசனந்தான். எட்டு வருசமாத் தரிசாக் கெடக்கு. நீங்க ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

மல்லிகா எண்ணி முடித்து, தீர்மானம் நிறைவேறியது என்று எழுதியும் முடித்துவிட்டாள். மதினி கை இறங்கவே இல்லை.

வெள்ளி

சர்வேயர் எட்டு மணிக்கு. போலீஸ் வேண்டுமா என்று தாசில்தார் அலுவலகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றிருக்கிறேன். தோப்பு வாசலில் அண்ணன் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பதாகச் செல்வராசு. படுக்கட்டும், கட்டிலைச் சுற்றி அளக்கச் சொல்கிறேன்.

காலை ஆறரைக்கே மதினி போன். "மீனா, எனக்கும் சேத்து டீ வாங்கி வையி. அடுப்புப் பத்த வைக்கல. ஒங்க அண்ணன் கடையில தின்னுக்கட்டும். எல்லைக் கல்லு எங்க ஊண்டுறாகன்னு நான் கண்ணால பாக்கணும். வாரேன்."