கடைமடைக்காரர் விட்டுக்கொடுத்த தண்ணீர்

புவனகிரி,
மாசி 26

அன்பு மகன் செம்பியனுக்கு அம்மா கலைமணி எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம், அதுவும் இப்போது பரவாயில்லை. மஸ்கட்டில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க தில்லை நடராசரை வேண்டிக்கொள்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, இதென்ன கடிதம் என்று சிரிக்காதே. நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியதை எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் அன்பரசு கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நம் அல்லியேரியில் பறவைப் பூங்கா வந்த பிறகு நீ வந்து பார்க்கவில்லை. டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து காலையில் கரைமேல் ஒரு சுற்று போய்வருகிறேன். ஐப்பசியில் வாய்க்கால் தண்ணீர் வந்து ஏரி நிறைந்ததும் நத்தைகுத்தி நாரைகள் வந்து, நடுத்தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டின, வேட்டி காயப்போட்டதுபோல் மரமெல்லாம் வெள்ளை. வடக்கேயிருந்து வந்த வாத்துகள் அல்லிக்கொடிகளுக்குள் மிதந்துகொண்டிருந்தன. ஓரத்தில் சம்பும் கோரையும் ஆள் உயரம், உள்ளே தாழைக்கோழி கத்துவது கேட்கும், கண்ணில் படாது. இவ்வளவும் இருந்து என்ன, கார்த்திகையோடு மழை நின்றுவிட்டது. வழக்கம்போல் தலைமடையிலிருந்து முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். பொங்கல் கழிந்து கடைசியாக நம் முறை வந்தபோது ஏரி வற்றி, மரத்தைச் சுற்றி முழங்கால் தண்ணீர்தான் மிச்சம். இன்னொரு தடவை மதகைத் திறந்தால் அதுவும் போய்விடும், நாய்கள் நடந்தே மரத்தடிக்குப் போய்விடும், பெரிய நாரைகள் பயந்து கூட்டை விட்டுப் போய்விடும். குஞ்சுகளுக்கோ இறக்கை முற்றவில்லை. நம் நெல்லும் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது, அந்த ஒரு தண்ணீர் இல்லாவிட்டால் பதர்தான். நம் போரில் உப்புத் தண்ணீர் என்பது உனக்கே தெரியும்.

ஏரிப் பாசனச் சங்கத் தலைவர் கோவிந்தசாமி மாமா வீட்டுக்கு வந்து, "மச்சான், இது ஒங்க மொறை, யாரும் தடுக்க முடியாது. ஒரு வார்த்த சொல்லுங்க, தொறந்துடறோம்" என்றார். மறுநாள் மத்தியானம் அப்பா தண்ணீர் மட்டம் பார்க்கப் போனார், நானும் கூடப் போனேன். அந்த மதகில் அவர் போடாத சண்டையா? பூங்காவின் பார்வைக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் ஒரு நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டி, இறக்கை இரண்டையும் விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. இன்னொன்று அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகள்மேல் விட்டது. அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி நேரே மாமா வீட்டுக்குப் போய், "தொறக்க வேணாம் மச்சான். இத்தினி வருசமா கடைமடையில கெடக்கறேன், தண்ணி வராதுன்னா எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். அன்று சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். மாமா தன் போரிலிருந்து ஒரு நாள் ஓஸ் குழாய் போட்டுத் தண்ணீர் விட்டார், அது மேல்வயலுக்கு மட்டும்தான் எட்டியது. போன வாரம் அறுத்தோம், பாதி பதர். வீட்டுச் சாப்பாட்டுக்கு இருக்கிறது, விற்க இல்லை. எனக்குக் கோபம் போய்விட்டது. அவருக்குத்தான் மனசு அடங்கவில்லை. போன தடவை நீ வந்து, இதில் என்ன கிடைக்கிறது, நிலத்தை விற்றுவிடுங்கள் என்று சொன்னாய் அல்லவா, அது உள்ளே கிடக்கிறது. "செம்பியன் கேட்டா என்னாடி சொல்லுவ?" என்று என்னையே கேட்கிறார். போன் அடித்தால் எனக்கு முன்னால் ஓடிவருகிறார், அப்புறம் வாய் திறக்காமல் நிற்கிறார்.

புது அரிசி கொஞ்சம் அன்பரசிடம் கொடுத்திருக்கிறேன், இந்த வருடம் நொய் ஜாஸ்தி, கஞ்சி வைத்துக் குடி. வெயில் வேளையில் வெளியே அலையாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் சாமி. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அடுத்த தடவை பேசும்போது எத்தனை மூட்டை கண்டது என்று அப்பாவைக் கேட்காதே. குஞ்சுகள் பறந்துவிட்டனவா என்று கேள். எல்லாம் பறந்துவிட்டன. இருந்தாலும் கேள், அவர் வாயால் சொல்லட்டும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
கலைமணி