அறுபத்து நாலு அண்டா ரசம்

திங்கள், ஐப்பசி.
விடியலிலிருந்து தூறல். உறுதியானது: கல்லூரி சூப்பர் கம்ப்யூட்டரில் கணக்கை ஓட்டிப் பார்க்கக் கவிதாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. சொன்னது கணினி மையத்தைக் கவனிக்கும் செந்தில், போனில். ஒரு ஓட்டத்துக்கு மட்டும் முன்னுரிமை. மறுபடி என்றால் வரிசையின் கடைசி.

வேலை: அன்னூர்ப் பக்கம் நிலத்தடி நீர் நகர்ந்த கணக்கு. சாயப்பட்டறைக் கழிவு விவசாயி செல்லமுத்துவின் கிணற்றுக்கு வந்ததா, இல்லையா. அவர் கிணற்றைப் பற்றிப் பத்திரிகையில் எழுதிய நான்தான் இந்தக் கணக்குக்கு ஏற்பாடு செய்தேன். வெள்ளி காலை கலெக்டர் ஆபீஸில் அவர் புகார் மேல் விசாரணை. அந்தத் தண்ணீர் எப்போதுமே உப்புதான் என்கிறது பட்டறைத் தரப்பு.

கவிதா ஆராய்ச்சி மாணவி. கணக்கைப் பல ப்ராசசர்களுக்குப் பிரித்துக் கொடுத்து அலசும் பைத்தான் மென்பொருளை அவள் நிறுவ வேண்டும். லேப்டாப்பில் என்றால் மாதக்கணக்கில் ஆகும்.

செவ்வாய்.
புழுக்கம். இன்ஸ்டால் பாதியில் நிற்கிறது. உள்ளேயுள்ள கணினிகளுக்கு இன்டர்நெட் கிடையாதாம். தேவையான மென்பொருளையெல்லாம் வெளியே டவுன்லோடு செய்து உள்ளே கொண்டுபோக வேண்டும். ஒன்றை வைத்தால் அது இன்னொன்றைக் கேட்கிறது.

செல்லமுத்து போன்.
"ஏனுங்க, அந்தப் பொட்டி என்னுங்க சொல்லுது?"
"இன்னும் வாயே தொறக்கலீங்க."
"எங்கூட்டு எருமையாட்டங்களா? கெணத்துத் தண்ணிய மோந்துபோட்டு மூஞ்சியத் திருப்பிக்குதுங்க."
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

புதன்.
வீட்டு மின்சாரக் கட்டணம் கட்ட மறந்தேன். மாலையில் இன்ஸ்டால் முடிந்தது.
கவிதா: "சார், மொதல்ல ரெண்டே ப்ராசசர்ல சின்னதா ஓட்டிப் பார்த்துரலாங்களா?"
"நேரமில்ல கண்ணு. போட்டுரு."
ஒரு வரிச் செய்தியையும் இரண்டு பேரிடம் கேட்காமல் அச்சுக்கு அனுப்பாதவன் நான். போட்டுவிட்டாள்.

வியாழன்.
கனமழை. ஓட்டம் முடிந்தது. விடை இல்லை.

அறுபத்து நாலு ப்ராசசர். கணக்கு பிரியவே இல்லை. மற்றது இருப்பதே தெரியாமல் ஒவ்வொன்றும் முழுக் கணக்கையும் தானே போட்டிருக்கிறது. ஒன்று எழுதியதன்மேல் இன்னொன்று எழுதி, நேரம் தீர்ந்து வெட்டுப்பட்டது. காரணம், அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பகுதி. அந்தக் கம்ப்யூட்டருக்கென்று இருப்பதோடு சேர்த்து நிறுவியிருக்க வேண்டும். போட்டது வெளியே கிடைக்கும் பொதுவானது.

செந்தில்: "கல்யாண ஊட்டுல அறுபத்து நாலு சமையக்காரங்க, ஆளுக்கொரு அண்டா ரசம் வெச்சாப்புல ஆயிப்போச்சுங்க. சோறு வடிக்க ஆளில்ல. ரெண்டுல ஓட்டியிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குங்களே சார்?"

கவிதா என் பக்கம் பார்க்கவில்லை. நான் சொல்லித்தான் என்று அவரிடம் சொல்லவும் இல்லை. அதை நான்தான் அவரிடம் சொன்னேன்.

மாலை அவளே: "சரி பண்ணிப்போட்டேனுங்க சார். ரெண்டுல ஓட்டிப் பார்த்தேன். இப்பப் பேசிக்குதுங்க."

நிலுவை: இரண்டாவது ஓட்டம். வரிசையில். திரை காட்டும் தொடக்கம், சனி மதியம்.
விசாரணை, நாளை காலை.
செல்லமுத்துவிடம் இன்னும் சொல்லவில்லை. அவரிடமிருந்து மெசேஜ்: "வெள்ளென மொத பஸ்ஸுக்கே வந்துபோடறனுங்க. அந்தக் கணக்குப் பேப்பரை நீங்களே என்ற கையில குடுத்துருங்க."