பச்சையில் கலந்து வந்த படம்

இன்று காலை புது மானிட்டர் வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் தெர்மாக்கோல் வாசனை. மகள் ஒரே ஒரு வயரைச் செருகினாள். உடனே படம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு. "எதுக்கும்மா சிரிக்கிற?" என்றாள். தோழி, உன்னைப் பற்றி அவளிடம் எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் காபி போட எழுந்துவிட்டேன்.

சிவகாசி அச்சகத்தில் நாம் இருவரும் பட்டாசு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்த காலம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து புரோகிராம் எழுதிப் பழகவேண்டும் என்பது உன் ஆசை. சிங்கப்பூரிலிருந்த உன் அண்ணன், தான் டிவியில் மாட்டி விளையாடி அலுத்த கேம் பெட்டியையும், அதைக் கம்ப்யூட்டராக மாற்றும் லினக்ஸ் வட்டு, கீபோர்டு எல்லாவற்றையும் அனுப்பிவைத்தார். கூடவே போனில் ஒரு நிபந்தனை: "பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு வருவேன். அதுக்குள்ள ஓடலைன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன்."

மானிட்டர் வாங்க விருதுநகரில் கடை கடையாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். "எல்லா மானிட்டரும் ஒண்ணுதாம்மா" என்றார் ஒரு கடைக்காரர். மாட்டிப் பார்த்தால் வெறும் இருட்டு. அவரே தலையைச் சொறிந்தார்.

திரும்பும் பஸ்ஸில் பெட்டியோடு வந்த சிறுபுத்தகத்தைப் படித்துக்கொண்டு வந்தாய். திருத்தங்கல் தாண்டியதும் என் தொடையில் ஓர் அடி.

"ஏட்டி, படம் எங்கன ஆரம்பிக்குதுன்னு மானிட்டருக்கு ஒரு சைகை போகணும்ல? மத்த கம்ப்யூட்டர் அதைத் தனிக் கம்பியில அனுப்பும். இது பச்சை நிறத்தோட கலந்து அனுப்புது. பிரிச்செடுக்கத் தெரிஞ்ச மானிட்டர்தான் வேணும்."

"அதுக்கு எங்க போக?"

"நம்ம அச்சகத்துல, கலர் பாக்க வாங்கின பழைய பெரிய மானிட்டர் மூலையில கெடக்குல்ல? அதுக்குப் பின்னாடி செவப்பு, பச்சை, நீலம்னு மூணு துளைதான். சைகைக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாது. அப்ப அதுவும் பச்சையிலதான வாங்கும்?"

மறுநாள் முதலாளியிடம் கேட்டோம். "அம்புட்டு கனத்தை எப்படித் தூக்குவீக? ஓடுச்சுன்னா எடுத்துக்கோங்க" என்றார். தூசியைத் துடைத்து, அதோடு கிடந்த பழைய வயரையே உன் பெட்டியில் மாட்டினோம். திரை இருண்டே கிடந்தது. நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு வெள்ளை எழுத்துகள் கடகடவென்று மேலேறின. பக்கத்து அறையில் மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து நின்றார்கள். லேபிள் கட்டுகளுக்கு நடுவே, லோடு ஆட்டோவில், அந்த மானிட்டரைக் கட்டிப்பிடித்தபடி நீ வீடு போனாய்.

பொங்கலுக்கு வந்த அண்ணனுக்குத் திரையில் வண்ணப்புள்ளிகள் வெடித்துச் சிதறுவதைக் காட்டினாய்; நீயே எழுதிய முதல் புரோகிராம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரு கேம் போடுத்தா" என்றார்.

"சிங்கப்பூர்ல போயி வெளையாடுண்ணே. இது இப்ப வேலை பாக்குது."

அவர் சிரித்த சிரிப்பில் வீடே சிரித்தது.

அந்த வருஷம் முழுக்க உன் வீட்டில் இருந்த ஒற்றை நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து எழுதிப் பழகினோம். அதுதான் உனக்குச் சென்னையில் வேலை தந்தது, எனக்கும் பிழைப்பானது. போன ஆடியில் நீ கண்ணை மூடிவிட்டாய். நான் இப்போதும் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியின் ஓரத்தில்தான் உட்காருகிறேன். விழுந்துவிடுவேன் என்று மகள் சத்தம் போடுகிறாள். இன்னும் விழவில்லை.