கழுதைமேடு எங்கள் மலை

கண்டக்குழிக்குத் தெற்கே நம் கரையில் இன்று காலை புதுப் பெயிண்ட் வாடை. விடுதிக்காரரின் ஆட்கள் வேலியில் பலகை மாட்டியிருக்கிறார்கள்: தனியார் நிலம், உள்ளே வராதீர். கரைவலைக் கயிற்றை இழுத்தபடி நாங்கள் பின்னோக்கி நடக்கும் தரை அது. வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது, மச்சான். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான்.

நீ விடுதியில் வேலை செய்தபோது, பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வந்த தாஹிட்டித் தீவுக்காரர் தன் ஊர்ப்பாட்டைச் சொல்லித்தந்தார். மேலே எங்கள் மலை இன்னது, கீழே எங்கள் திடல் இன்னது, கடல்பக்கம் எங்கள் முனை இன்னது, எங்கள் தலைவன் இன்னார். எந்த ஊருக்கும் இதே நான்கு அடிகள்தாம். பெயர்கள் மட்டும் மாறும். எழுத்து வருமுன் அங்கே அதுதான் மண்ணுக்குச் சாட்சியாம்.

"நம்மட ஊர்ல மலைக்கு எங்கடா போற?" என்று சிரித்தேன்.

"கழுதைமேடு இரிக்கி தானே."

"கழுதை படுக்கிற மணல்டா அது."

"படுக்கட்டுமே. அதுகளும் ஊர்தான்."

கரையை விடுதிக்கு விற்பது பற்றிய நிலக் கூட்டத்தில் விடுதிக்காரரின் ஆள் வரைபடத்தை விரித்து, "பேரே இல்லாத வெறுந்தரை" என்றபோது நீ எழுந்தாய்.

"மேலே எங்கட மலை கழுதைமேடு. கீழே எங்கட திடல் வாடியடி. கடல்பக்கம் எங்கட முனை சங்குமுனை."

பின்வரிசை சிரித்தது. "பாட்டு வேணாம் தம்பி, காணி உறுதிப் பத்திரம் இரிந்தா காட்டுங்க" என்றார் அதிகாரி.

"இன்னும் ஒரு அடி இரிக்கி சேர்."

தலைவனின் பெயர் வரவேண்டிய அடி. ஊர்த்தலைவராக இருந்தும் விற்பனைக்குக் கையெழுத்துப் போட்ட ஹாஜியார் முன்வரிசையில் இருந்தார். அவரைப் பார்த்தபடி வாய்மூடி நின்றாய். சிரிப்பு அடங்கியது.

"பேரைச் சொல்லன்டா" என்று பின்வரிசை அண்ணன் ஒருவர் கத்தினார்.

"இரிந்தாத்தானே காக்கா சொல்ற."

பிறகு டெங்கு உன்னைக் கொண்டுபோனது. பலகை ஏறினாலும் கரை இன்னும் போகவில்லை; அதிகாரியின் முடிவு வரவில்லை. நாளை மறுபடியும் கூட்டம். நேற்று ஹாஜியார் என்னைக் கூப்பிட்டு, தேத்தண்ணி தந்து, "மகன், அந்தக் கடைசி அடிக்கு அவன்ட பேரையே வெச்சிருங்களேன். மவுத்தானவனுக்கு ஒரு மரியாதை" என்றார்.

உன்னை வைத்தே உன் வாயை அடைக்கப் பார்க்கிறார்.

"அது காலியாவே இரிக்கட்டும் ஹாஜியார்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

நீ விட்டுப்போனதில் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் காலி அடிதான். நாளை மூன்று அடிகளையும் உரக்கச் சொல்வேன். நான்காவதில், ஹாஜியாரைப் பார்த்தபடி, நீ நின்றதைவிட நீண்ட நேரம் நிற்பேன்.