ஆந்தை விளக்கு புகைந்த கதை

அன்பு மகள் சில்வண்டுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். கொஞ்ச நாளாக நீ ஃபோன் செய்தபோதெல்லாம் அம்மா குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று அப்பா சொன்னது பொய், நான் பக்கத்திலேயேதான் இருந்தேன். பேசினால் குரலே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது, பதறாமல் படி.

கம்பெனிக்காக நான் வடிவமைத்த ஆந்தை விளக்கு உனக்குத் தெரியும். ஜப்பான்காரர்களின் காகித விளக்கு மாதிரி மெல்லிய மூங்கில் குச்சி, வெள்ளைக் காகிதம். அணைந்திருந்தால் கழுத்தை உள்ளே இழுத்துத் தூங்கும், சுவிட்சைப் போட்டால் சிறகு விரித்து வெளிச்சமாகும். உன்னோடு உட்கார்ந்து அந்த ஜப்பான் அனிமேஷன் படங்களைப் பார்த்துப் பிடித்த கிறுக்குதான். உருமாறுறதுக்கு முன்னாடி அது ஒரு மூச்சு விடணும்மா, அப்பதான் உயிர் வரும் என்று நீ சொன்னாயே, அதற்காகவே மெதுவாகச் சுற்றும் மோட்டார் வைத்திருந்தேன். ஒரு கணம் சும்மா இருக்கும், மார்பு லேசாக உப்பும், பிறகுதான் சிறகு.

முதலாளிக்கு அந்த ஒரு கணம்தான் உறுத்தல். "என்னக்கா, வாங்க வர்றவங்க ரிப்பேர்னு நினைச்சுப் போயிடுவாங்க, ரோபோ மாதிரி படக்குனு திறக்கணும்" என்றார். வேகமாக இழுத்தால் காகித மடிப்பு அதற்கு ஈடாக விரியாது, குச்சிகள் ஒன்றில் ஒன்று மாட்டும், மாட்டினால் மோட்டார் சூடேறும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். கடைக்காரர்கள் பார்க்க வந்த அன்று காலையில் எனக்குத் தெரியாமல் வேக மோட்டாரை மாட்டிவிட்டார். வந்தவர்களில் ஒரு அம்மா முகத்தை ஆந்தைக்கு நேரே கொண்டுபோய்க் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிறகு பாதியில் சிக்கியது, உள்ளே உறுமல், காகிதத்தில் பழுப்பு பரவுகிறது. அவர் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு பிளக்கைப் பிடுங்கினேன், அறையெல்லாம் புகை. முதலாளி சிரித்தபடியே "அக்கா டிசைன்ல சின்னத் தப்பு" என்றார். எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, மோட்டாரை மாத்துனது யாருன்னு அவரையே கேளுங்க என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர்கள் போனதும் முதலாளி, நான் கூப்பிடுற வரைக்கும் வேலைக்கு வராதீங்க என்றார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா, ஒரு சாரி சொல்லிட்டு வேலையைப் பாரேன் என்கிறார். அந்தம்மா முகம் வெந்திருந்தா யார் யார்கிட்ட சாரி கேக்கறது என்று கேட்டேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது, தட்டு வைக்கிற சத்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியே கருகிய ஆந்தையைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். தன் வீட்டில் இன்னொன்றில் வேக மோட்டாரைப் போட்டுப் பார்த்தாராம். "அதுவும் புகைஞ்சிடுச்சுக்கா, என் பொண்ணு பக்கத்துலயே நின்னா" என்றார். எனக்குக் குத்திக்காட்ட மனம் வரவில்லை. சாப்பாட்டு மேஜையிலேயே பிரித்துப் போட்டு, புதுக் காகிதம் ஒட்டிப் பழைய மோட்டாரை மாட்டினேன், அப்பா குச்சிகளைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று அந்தக் கடைக்காரர்கள் மறுபடி வந்தார்கள். அந்த அம்மா கதவோரத்திலேயே நின்றார், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. சுவிட்சைப் போட்டேன். ஆந்தை சும்மா இருந்தது. மார்பு உப்பியது, சிறகு விரிந்தது. அவர் ஒவ்வோர் அடியாக நெருங்கி வந்து மறுபடியும் முகத்தை அருகில் கொண்டுபோனார், என் உயிர் என்னிடம் இல்லை. ஒன்றும் ஆகவில்லையடி. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்னிக்குத் தப்பு என்னோடது, டிசைன் அக்காவோடது என்றார். ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். நான் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

உன் அனிமேஷன் ஸ்டூடியோவில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நடுநடுவே எழுந்து நட. எந்தக் கெடுதலும் உன்னை அண்டாமல் நீண்ட ஆயுளோடு நிறைவாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, ஃபோன் செய்தால் இதெல்லாம் தெரியாத மாதிரி அப்பாவிடம் கேள். தான் குச்சியைப் பிடித்திராவிட்டால் விளக்கே இல்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், உனக்குச் சொல்லத் துடிக்கிறார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா